நம் வீட்டிலிருந்து ஒரு தாதி



ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். உங்கள் உம்மா வைத்தியசாலைக் கட்டிலில் எழுந்திருக்க முடியாத நிலையில் படுத்திருக்கிறார். நள்ளிரவு நேரம். வாட்டின் விளக்குகள் பாதி அணைக்கப்பட்டுவிட்டன. நீங்கள் அருகில் இல்லை. அவருக்குச் சிறுநீர் கழிக்க வேண்டும். அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அந்த நேரத்தில் அவரது கட்டிலருகே யார் வந்து நிற்க வேண்டும் என்று நீங்கள் விரும்புவீர்கள்?

ஒரு பெண் வர வேண்டும் என்பீர்கள். நம் மொழி தெரிந்தவளாகவும் நமது கூச்சம் இன்னதென்று விளங்கியவளாகவும் இருந்தால் இன்னும் நல்லது என்பீர்கள். நானும் அதைத்தான் சொல்வேன். சரி, அந்தப் பெண் எங்கிருந்து வருவாள்? யாருடைய வீட்டில் பிறந்து, எங்கே படித்து வருவாள்?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. அந்தப் பதிலைத் தேடிய கதையைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன்.

2018ஆம் ஆண்டின் ஆரம்பம். என் மூத்த மகள் க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறு பெற்றிருந்தாள். ஆனால், மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளி சற்றே தவறிப்போயிற்று. பெறுபேறு வருவதற்கு முன்பே ஊரார் அவளுக்கு “டொக்டர் புள்ள” என்று பெயர் வைத்துவிட்டிருந்தார்கள். அவளுக்குக் கிடைத்ததோ தாதியியல். நான்கு வருடப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு.

செய்தி கேட்டு வந்த என் மதினி, கணவரின் மூத்த சகோதரி, கதிரையில் உட்காரும் முன்பே, “இவ்வளவு படிச்ச புள்ளய மிஸ்ஸி வேலைக்கா அனுப்பப் போறீங்க? இரவெல்லாம் வாட்டுல நிக்கணும். ஆம்பிளைகளுக்கும் மருந்து கட்டணும். நாளைக்கு யாரு கேட்டு வருவாங்க?” என்றார். கணவர் மௌனமாக இருந்தார். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

அடுத்து நான் செய்த காரியத்தை இதுவரை யாருக்கும் எழுதியதில்லை. பதிவு செய்ய இன்னும் நான்கு நாட்களே இருந்தன. அதற்கான பத்திரங்களை எடுத்து அலுமாரியில் என் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். திகதி கடந்துவிட்டால் “நஸீபு இல்லை, மகள்” என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்பது என் எண்ணம். பெற்ற பிள்ளையின் எதிர்காலத்தைச் சேலைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு அதற்கு நஸீபு என்று பெயர் சூட்ட நினைத்தேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

மகள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவளது மௌனம்தான் என்னை மிகவும் வருத்தியது.

மூன்றாம் நாள் இரவு, ஏதோ எடுப்பதற்காக அலுமாரியைத் திறந்தேன். பத்திரங்களைத் தடவிய கையில் என் உம்மாவின் தொழுகைப் புடவை தட்டுப்பட்டது. உம்மா மௌத்தான பின் நான் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. அதைக் கையில் எடுத்தபடியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

2011ஆம் ஆண்டு உம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தூரத்து நகரமொன்றிலுள்ள பெரிய வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது. அங்கே தமிழ் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இரவில் உடன் தங்க எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. மாலையானதும் நான் தங்குமிடம் போய்விடுவேன். காலையில் ஓடி வருவேன்.

ஐந்தாம் நாள் உம்மாவுக்குக் காய்ச்சல் பிடித்தது. உதடுகள் வெடித்திருந்தன. நாளும் கிழமையும் மாறிப் பேசினார். நான் வைத்துவிட்டுப் போன தண்ணீர்ப் போத்தல் அப்படியே நிரம்பியிருந்தது. டொக்டர் பரிசோதித்துவிட்டு, உடம்பில் நீர் போதாமலிருக்கிறது, சிறுநீரிலும் கிருமி தொற்றியிருக்கிறது என்றார்.

“ஏன் உம்மா தண்ணி குடிக்கல்ல?” என்று கேட்டேன்.

உம்மா என் கையைப் பிடித்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்: “தண்ணி குடிச்சா போகணுமே புள்ள. போகணும் எண்டா கேக்கணுமே. எப்படிக் கேப்பன்?”

சகோதரிகளே, பாத்திரம் வேண்டும் என்று கேட்கும் வார்த்தை தெரியாததாலும், தெரிந்த சைகையைக் காட்டக் கூச்சப்பட்டதாலும் என் உம்மா நான்கு இரவுகள் தாகத்தோடு கிடந்திருக்கிறார்.

அங்கிருந்த தாதியரை நான் குறைகூற மாட்டேன். இரவில் அவ்வளவு பெரிய வாட்டுக்கு இருந்தவர்கள் ஒருவரோ இருவரோதான். விஷயம் தெரிந்த பிறகு, அதில் ஒரு சிங்களச் சகோதரி என்னிடம் வந்து “தண்ணீர்”, “வலி”, “பாத்திரம்” ஆகிய சொற்களுக்குத் தமிழ் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அன்றிரவு திரையை இழுத்துவிட்டு, உம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். அந்தச் சகோதரிக்காக இன்றும் துஆச் செய்கிறேன். உம்மா வீடு திரும்பும் நாளில் அவரது கையைப் பிடித்து முத்தமிட்டார். வாகனத்தில் வரும்போது என்னிடம், “நம்மட புள்ள ஒண்டும் இப்படி இரிந்தா எவ்வளவு நல்லம்” என்றார்.

உம்மா அதன்பின் ஒரு வருடத்துக்குச் சற்று அதிகமாகவே வாழ்ந்தார். பழைய நடை மட்டும் திரும்பவில்லை.

“நம்மட புள்ள ஒண்டு.” அந்தப் பிள்ளை என் வீட்டிலேயே, அடுத்த அறையில் விழித்துக் கிடக்கிறாள். அவளுடைய பத்திரங்களோ என் சேலைகளுக்கு அடியில்!

எழுந்து போய் மகளின் கையில் பத்திரங்களைக் கொடுத்தேன். உம்மாவின் தண்ணீர்க் கதையையும் சொன்னேன். அவள் நெடுநேரம் அழுதாள். மறுநாள் காலையில் வாப்பாவும் மகளுமாகப் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தார்கள்.

அதன்பின் நடந்தவற்றை வருடம் வருடமாகச் சொல்கிறேன். ஏனெனில், பல்கலைக்கழகத்தில் தாதியருக்கு என்ன கற்பிக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. ஊசி போடுவதும் புண் கழுவுவதும்தானே, அதற்கு எதற்கு நான்கு வருடம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

முதலாம் வருடம் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், தாதியியலின் அடிப்படைகள். எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் மொழியில் படித்த பிள்ளைக்கு முதல் ஆறு மாதங்கள் பெரும் சோதனை. விடுதியிலிருந்து தொலைபேசியில் அழுவாள். விடுமுறைக்கு வந்தபோது எங்களுக்கு முதலில் கற்றுத் தந்த பாடம் கைகழுவுதல். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, பெருவிரல், நகநுனி என்று சவர்க்காரம் போட்டு முறையாகக் கழுவி முடிக்க 40 முதல் 60 விநாடிகள் எடுக்கும். நாளுக்கு ஐந்து வேளை வுழூச் செய்யும் வீட்டில் இதையும் கற்றுக்கொண்டோம். என் இளைய மகன் அவளுக்கு “சவர்க்கார மிஸ்ஸி” என்று பெயர் வைத்தான்.

இரண்டாம் வருடம் வாட்டுக்குப் போகத் தொடங்கினாள். மருந்தியலும் வந்தது. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி என்று ஐந்தையும் பார்க்காமல் ஒரு மாத்திரையும் கொடுக்கக் கூடாதாம். ஒரு நாள் மேசையில் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒரு லீற்றர் சேலைனை எட்டு மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும். ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் குழாய் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. நாம் கட்டிலருகே உட்கார்ந்து துளி விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

அந்த வருடத்தில்தான் அவள் பராமரித்த ஒரு மூதாட்டி முதன்முதலாகக் கண்முன்னே உயிர்நீத்தார். அந்த வாரம் வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. “உம்மா, அவங்கட உதட்ட ஈரப் பஞ்சால நனைச்சுக்கிட்டே இரிந்தன்” என்று மட்டும் சொன்னாள். அவள் யாரை நினைத்து நனைத்தாள் என்பது எனக்கு விளங்கியது.

மூன்றாம் வருடத்தில் தாய் சேய் நலம், குழந்தைகள், உளநலம், சமூக சுகாதாரம். இடையில் 2020இல் கொரோனா வந்து பல்கலைக்கழகத்தை மூடிவிட்டது. கையடக்கத் தொலைபேசியில் விரிவுரை கேட்டாள். ஆனால், தாதியியலைத் தொலைபேசியில் முழுமையாகக் கற்க முடியுமா? படிப்பு இழுபட்டது. அந்த நாட்களில் அவள் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் சீனி வருத்தமுள்ள பெண்கள் பலர். தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும், சுடுமணலில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தாள். வருடக் கணக்கில் படுக்கையில் கிடந்த அயல்வீட்டு மூத்தப்பாவை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க அவரது மருமகளுக்குப் பழக்கினாள். படுக்கைப் புண் வந்த பிறகு மருந்து போடுவதைவிட, வராமல் காப்பதே தாதியின் வேலை என்பாள்.

நான்காம் வருடம் நிர்வாகம், ஆராய்ச்சி, நீண்ட வாட்டுப் பயிற்சி. அதுவும் 2022இன் பொருளாதார நெருக்கடிக் காலத்தில். எரிபொருள் இல்லை, மருந்துக்கும் தட்டுப்பாடு. அனுபவமுள்ள தாதியர் பலர் வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். கால் வீங்க நின்றுவிட்டு, பஸ் கிடைக்காமல் நடந்தே விடுதிக்குப் போன நாட்களும் உண்டு.

ஒருவாறு 2023இல் படிப்பு நிறைவடைந்தது. தாதியியல் துறையினர் பெற்றோரையும் அழைத்து ஒரு சிறிய வைபவம் வைத்தார்கள். துறைத் தலைவர் அந்த ஆண்டின் அறிக்கையை ஆங்கிலத்தில் வாசித்தார். மகள் என் காதோடு தமிழில் சொன்னாள். எத்தனை மாணவர் சேர்ந்தார்கள், செயன்முறை ஆய்வுகூடத்துக்கு என்ன வந்தது, எந்த விரிவுரையாளர் மேற்படிப்புக்குப் போனார், மாணவரின் ஆய்வுகள் எவை என்றெல்லாம் அந்த அறிக்கையில் இருந்தன. வருங்காலத்தில் முதுமாணிப் படிப்பு, தீவிர சிகிச்சை, புற்றுநோய், முதியோர் பராமரிப்பு போன்ற துறைகளில் சிறப்புத் தேர்ச்சி, கலாநிதிப் பட்டம் பெற்ற விரிவுரையாளர்களை உருவாக்குதல் என்று திட்டங்களும் சொல்லப்பட்டன.

எல்லாம் நல்ல விஷயங்கள். கேட்டுக்கொண்டிருந்த நான் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். பட்டம் முடித்த பிள்ளைகளுக்கிடையே முக்காடுகளைத் தேடினேன். எண்ணி முடிக்க ஒரு கையின் விரல்களே போதுமாயிருந்தன. பல்கலைக்கழகத்தின் அறிக்கையில் எழுதப்படாத குறை அது. அந்தக் குறையை அவர்களால் தனியே நிரப்ப முடியாது. நம் வீடுகள்தான் நிரப்ப வேண்டும்.

சகோதரிகளே, இந்தத் தொழில் நமக்கு அந்நியமானதா? ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு நடந்த அகழ் யுத்தத்தில் ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்கள் காயமுற்றபோது, நபி (ஸல்) அவர்கள் அவரை ருஃபைதா (ரழி) என்ற பெண்மணியின் கூடாரத்தில் சேர்க்கச் சொன்னார்கள் என்று வரலாறு கூறுகிறது. காயமுற்றோருக்கு மருந்திட்டுப் பராமரிப்பது அந்தப் பெண்மணியின் பணி. உம்மு அதிய்யா (ரழி) அவர்கள் ஏழு போர்ப் பயணங்களில் கலந்து, உணவு சமைத்து, காயமுற்றோருக்கு மருந்திட்டு, நோயாளரைக் கவனித்த செய்தியை நாம் மதரஸாவிலேயே கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு, நம் பிள்ளை அதையே செய்யப் போகிறேன் என்றதும் பத்திரங்களை ஒளித்து வைக்கிறோம்!

தாதியியல் பல்கலைக்கழகத்துக்கு வந்த பாதையும் நெடியது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860இல் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்காவில் 1909இல் மினசோட்டாப் பல்கலைக்கழகம் தன்னுள்ளேயே தாதியர் பள்ளியொன்றைத் தொடங்கியது. நம் நாட்டில் 1939இல் கொழும்பில் தாதியர் பயிற்சிப் பாடசாலை ஆரம்பமானது. சுகாதார அமைச்சின் மூன்று வருட டிப்ளோமாப் பயிற்சிதான் இன்றும் நம் வைத்தியசாலைகளின் முதுகெலும்பு. 1990களில் திறந்த பல்கலைக்கழகம் பணியிலுள்ள தாதியர் பட்டம் பெற வழிசெய்தது. இன்று பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, யாழ்ப்பாணம், ருஹுண, கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களில் உயர்தரம் முடித்த பிள்ளைகள் நேரடியாகத் தாதியியல் பட்டம் படிக்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தாதியியலுக்கென்றே தனியானதொரு பீடம் இருக்கிறது.

முஸ்லிம் நாடொன்றிலிருந்தும் ஓர் உதாரணம் சொல்கிறேன். கராச்சியிலுள்ள ஆகா கான் பல்கலைக்கழகம் மருத்துவத்துக்குப் பேர்போனது. ஆனால், அங்கு முதலில் தொடங்கியது மருத்துவக் கல்லூரியல்ல. 1980இல் தாதியர் பள்ளிதான் முதலில் திறக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரி 1983இல்தான் வந்தது. டிப்ளோமாவில் ஆரம்பித்த அந்தப் பள்ளி, 1988இல் பணியிலுள்ள தாதியருக்கான பட்டம், 1997இல் நான்கு வருடப் பட்டம், 2001இல் முதுமாணி என்று படிப்படியாக உயர்ந்தது. பாகிஸ்தானிலும் தாதிப் பணியைத் தாழ்வாகப் பார்த்த குடும்பங்கள் ஏராளம். அங்கேயும் உம்மாமார் பயந்திருப்பார்கள், பின்னர் அனுப்பியிருப்பார்கள்.

“பட்டம் படித்தால் மட்டும் நோயாளிக்கு என்ன கூடப்போகிறது?” என்று என் கணவரின் நண்பர் ஒருவர் கேட்டார். அதற்கு மகள் ஓர் ஆய்வைச் சொன்னாள். 2014இல் ‘லான்செட்’ மருத்துவச் சஞ்சிகையில் வெளியானது. ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களை ஆராய்ந்திருக்கிறார்கள். பட்டம் பெற்ற தாதியரின் விகிதம் 10 சதவீதம் கூடுதலாக இருந்த இடங்களில், நோயாளி 30 நாட்களுக்குள் மரணிக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்ததாம். ஒரு தாதி கவனிக்க வேண்டிய நோயாளரில் ஒருவர் கூடினாலோ, அந்த வாய்ப்பு 7 சதவீதம் அதிகரித்ததாம். அஜல் அல்லாஹ்வின் கையில்தான் இருக்கிறது. ஆனாலும் ஒட்டகையைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது?

இனி, மதினியின் கதைக்கு வருகிறேன். மகளுக்கு நியமனம் கிடைத்து சில மாதங்களின் பின், ஒரு நாள் மக்ரிபுக்குப் பிறகு மதினி தொலைபேசியில் அழைத்தார். அவருக்குக் கர்ப்பப்பைச் சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். குரல் நடுங்கியது.

“மகள் பக்கத்துல இரிக்காவா? ஒண்டு கேக்கணும். இரவுல பொம்பிளை மிஸ்ஸிமார்தானே நிப்பாங்க? நம்மட ஆக்கள் யாரும் இரிக்காங்களா எண்டு கேட்டுச் சொல்லச் சொல்லு.”

ஐந்து வருடங்களுக்கு முன், இரவெல்லாம் வாட்டில் நிற்க வேண்டுமே என்று சொன்னதும் அதே வாய்தான். எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பத்திரங்களை ஒளித்து வைத்த கை என்னுடையது. அவரும் நானும் ஒரே தவறைத்தான் செய்தோம். நம் பெண்களைப் பராமரிக்கப் பெண்கள் வேண்டும் என்று கேட்டோம். அந்தப் பெண் மற்றவர் வீட்டிலிருந்து வரட்டும் என்று இருந்தோம்.

மகள் மாமியோடு நீண்ட நேரம் பேசினாள். சத்திரசிகிச்சைக்கு முன் எத்தனை மணியிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது என்பதை வாட்டில் சொல்வதுபோலவே செய்ய வேண்டும், பாவிக்கும் மருந்தெல்லாவற்றையும் எடுத்துப் போக வேண்டும், வலியை மறைக்கக் கூடாது என்றெல்லாம் விளக்கினாள். முடிவில், “மாமி, எதையும் கேக்க வெக்கப்படாதீங்க. அதக் கேட்டுச் செய்யத்தான் நாங்க படிச்ச” என்றாள். இன்று மதினி தன் பேத்தியை உயிரியல் படிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்!

இதனால் எல்லாம் இலகுவாகிவிட்டது என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். மகளுக்கு வந்த ஒரு சம்பந்தம், இரவு வேலை என்றதும் நின்றுபோனது. எனக்கு அது வலித்தது. இன்னும் வரன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இரவு வேலை முடித்து வரும் நாளில் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. சீருடை, தொழுகை நேரம், ஆண் நோயாளரைக் கவனித்தல் ஆகியவை பற்றி உங்களுக்கும் கேள்விகள் எழும். அவை நியாயமான கேள்விகள். அவற்றைத் துறையிலுள்ளவர்களிடமே நேரில் கேளுங்கள், ஏற்கனவே படிக்கும் நம் பிள்ளைகளிடம் கேளுங்கள், உலமாக்களிடம் கேளுங்கள். கேட்காமலேயே கதவைச் சாத்திவிடாதீர்கள். நம் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராக மட்டும் இருக்கும்வரை அவர்களது தேவைகள் தனிப்பட்ட கோரிக்கைகளாகவே இருக்கும். முப்பது பேராக இருந்தால் அவற்றை எவரும் இலேசில் தட்டிக்கழிக்க முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023ஆம் ஆண்டில் உலகில் 2 கோடி 98 இலட்சம் தாதியர் இருந்தனர். ஆயினும் மேலும் 58 இலட்சம் பேர் தேவைப்பட்டனர். ஆகவே வெளிநாடுகள் நம் தாதியரைத் தொடர்ந்து அழைத்துக்கொண்டே இருக்கும். நம் நாட்டிலோ முதியோர் தொகை பெருகுகிறது. கர்ப்பிணியின் வீடு தேடி மருத்துவ மாது வருவதுபோல, படுக்கையில் கிடக்கும் முதியவரின் வீடு தேடித் தாதி வரும் ஒரு காலம் வர வேண்டும் என்பது மகளின் கனவு. முதுமாணியில் சமூகத் தாதியியல் படிக்க ஆசைப்படுகிறாள். இன்ஷா அல்லாஹ்.

நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க விரும்பும் பெண்பிள்ளையைத் தடுக்காதிருப்போம். ஆங்கிலத்தோடு சிங்களத்தையும் சிறுவயதிலேயே பழக்குவோம்; நம் பிள்ளையின் கையில் ஒரு சிங்களத் தாயும் படுத்திருப்பாள், அவளுக்கும் தாகமெடுக்கும். பட்டப்படிப்புக்குப் புள்ளி போதாதென்றால் மூன்று வருட டிப்ளோமாவும் கண்ணியமான வழியே. அதிலிருந்து மேலே படிக்கவும் பாதையுண்டு. விடுதிச் செலவுக்கு வழியில்லாத பிள்ளைக்கு ஊரின் ஸகாத் நிதியிலிருந்து உதவ முடியுமா என்று பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கேட்டுப் பார்ப்போம். சம்பந்தம் பேச வரும்போது “பெண் தாதி” என்றால் அதை ஒரு குறையாகச் சொல்லாதிருப்போம்.

கடந்த நோன்புப் பெருநாளன்று மகளுக்கு இரவு வேலை. வட்டிலாப்பம் கட்டிக்கொடுத்து அனுப்பினேன். அடுத்த நாள் காலையில் வந்தவளிடம், “வாட்டுக்குப் போனதும் முதல்ல என்ன செய்வாய் மகள்?” என்று சும்மா கேட்டேன். முதல் தாதியிடமிருந்து பொறுப்பேற்பது, நோயாளரின் பதிவேட்டைப் பார்ப்பது என்று ஏதோ ஒழுங்காகச் சொல்வாள் என்று நினைத்தேன். அவற்றையும் சொன்னாள். பிறகு சப்பாத்தைக் கழற்றியபடியே சொன்னாள்:

“அதுக்குப் பிறகு ஒவ்வொரு கட்டிலா போய், தண்ணிப் போத்தல் குறைஞ்சிருக்கா எண்டு பாப்பன் உம்மா. நிரம்பி இரிந்தா பக்கத்துல உக்காந்து கேப்பன்.”